தண்டவாளம் போன பின்பு



ஒரு புகையிரதப் பாதை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல நூல்கள் பல உள. முதல் வண்டி ஓடிய நாள், பாதையைத் திறந்துவைத்தவரின் பெயர், குடைந்த சுரங்கங்களின் எண்ணிக்கை என்பன எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பாதை எப்படி இறந்தது, இறந்த பின் அதன் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதிவைப்போர் மிகச் சிலரே. தண்டவாளத்தைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிடுவார்கள். சிலிப்பர் கட்டைகள் விறகாகவும் வேலிக்கம்பமாகவும் போய்விடும். எஞ்சுவது ஒரு மண்மேடு. சில அடி அகலமும் பல மைல் நீளமும் கொண்ட, இடையறாத ஒரு மண்மேடு. அந்த மண்மேட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

நமுனுகுலை மலைச்சாரலில், ஸ்பிரிங்வெளியில் வாழும் நமக்கும் பழைய இருப்புப்பாதைகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். மலைநாட்டு மக்களுக்குப் புகையிரதப் பாதை எப்போதும் நடைபாதையாகவும் இருந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், சந்தைக்குக் கூடை சுமப்பவர்களும், அடுத்த தோட்டத்தில் சாவு வீட்டுக்குப் போகிறவர்களும் சிலிப்பர் கட்டைகளை எண்ணி எண்ணி நடந்து பழகியவர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது; உயிர்ச்சேதங்களும் நேர்ந்திருக்கின்றன. இருந்தும் நடக்கிறார்கள். காரணம் எளியது. மலையில் மட்டமான வழி அது ஒன்றுதான். நீராவி இயந்திரம் செங்குத்தாக ஏறாது. ஆகையால் நமது மலைநாட்டுப் பிரதான பாதையை அமைத்த பொறியியலாளர்கள், 44 அடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இல்லாமல், மலையைச் சுற்றிச் சுற்றி அதைக் கொண்டுவந்தார்கள். பண்டாரவளைக்கு 1894இல் வந்துவிட்ட புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல்தான். இடையில் தெமோதரை வளையத்தையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் அமைக்கவேண்டியிருந்தது. அந்த உழைப்பில் நம்மவர் வியர்வையும் உண்டு.

இப்படி அரும்பாடுபட்டு மட்டமாக்கப்பட்ட ஒரு வழி, வண்டி நின்றுவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பயனற்றுப் போகவேண்டுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இராகலைக்குப் போன சின்னக் கோச்சி

நமக்கு அண்மையிலேயே இறந்துபோன ஒரு பாதை இருக்கிறது. நானுஓயாவுக்கு 1885இல் பிரதான பாதை வந்தது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு 1903இலும், கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1904இலும் ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. பிரதான பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஐந்தரை அடி. இதற்கு இரண்டரை அடி மட்டுமே. ஏறத்தாழ 19 மைல் நீளம். உடப்புசல்லாவைப் பள்ளத்தாக்கின் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும், அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதற்கும், நுவரெலியாவுக்குக் குளிர்காய வரும் துரைமாரைச் சுமப்பதற்கும் அது ஓடியது. லொறியும் பஸ்ஸும் வந்தன. அவை நேரே தொழிற்சாலை வாசலுக்கே போயின. சின்னக் கோச்சி தோற்றது. 1948இல் பாதை முற்றாக மூடப்பட்டது.

1948 என்ற ஆண்டை மலையகத்தான் எவனும் மறக்கமாட்டான். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்தான் தோட்டத் தொழிலாளரைப் பெருமளவில் நாடற்றவராக்கியது. தேயிலையை இறக்கிய பாதையும், தேயிலையைப் பறித்தவர்களின் உரிமையும் ஒரே ஆண்டில் போயின. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு கிடையாது. ஆனாலும் வரலாறு படிப்பவர் இந்த இரண்டையும் ஒருசேர எண்ணாமல் இருக்க முடியாது.

பாதை மூடப்பட்டபின் அந்த 19 மைலும் துண்டு துண்டாயிற்று. ஓரிடத்தில் வீதியாயிற்று; இன்னோரிடத்தில் தோட்டப் பாதையாயிற்று; வேறிடங்களில் மரக்கறிப் பாத்தியாகவும் குடிமனையாகவும் ஆயிற்று. யாரும் தவறு செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. காணியில்லாதவன் காணி கண்ட இடத்தில் கால் ஊன்றுவான். ஆனால் இழப்பு ஒன்று உண்டு. தொடர்ச்சியாக இருந்தவரைதான் அந்த மண்மேட்டுக்கு மதிப்பு. நூறு பேரிடம் நூறு துண்டாகப் பிரிந்தபின் அதை மறுபடி ஒன்றாக்குவது, உடைந்த பானையை ஒட்டவைப்பது போன்றதாகும்.

இதற்குச் சான்று களனிவெளிப் பாதை. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கா வரை சென்ற குறும்பாதை 1970களில் மூடப்பட்டது. இரத்தினபுரிக்கு மீண்டும் புகையிரதம் வேண்டும் என்ற பேச்சு பின்னர் எழுந்தபோதெல்லாம் முன்னே வந்து நின்றது நிலப் பிரச்சினைதான். பழைய பாதையை யாரேனும் முழுதாகக் காத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஐக்கிய அமெரிக்கா இதை 1983இல் உணர்ந்தது. அவ்வாண்டு அங்கே தேசிய நடைவழிகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. கைவிடப்படும் இருப்புப்பாதையை வங்கியில் இட்ட பணம்போல வைத்திருக்கலாம் என்பதே அத்திருத்தத்தின் சாரம். பின்னொரு நாள் புகையிரதம் தேவைப்பட்டால் பாதை அங்கே இருக்கும். அதுவரை மக்கள் அதில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், இரு மருங்கும் மரஞ்செடிகள் வளரலாம். ஸ்பெயின் தேசமும் 1993முதல் தன் பழைய இருப்புப்பாதைகளை இவ்வாறே மாற்றி வருகிறது. இத்தகைய வழிகளைப் பசும்பாதைகள் என்று நாம் அழைப்போம்.

தனுஷ்கோடி: வந்த வாசல்

இராகலையில் இறங்கிய தேயிலை கொழும்புக்குப் போயிற்று. அதைப் பறித்தவர்கள் மலைக்கு ஏறி வந்தது கடற்கரையிலிருந்து. ஆகவே கதையின் மறு முனையைக் காண நாமும் கடற்கரைக்குப் போகவேண்டும்.

கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடும் மேடும் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள் என்பதை நாம் அறிவோம். வாந்திபேதியாலும் பசியாலும் அந்த வழியில் விழுந்தவர்களின் தொகையைச் சரியாகச் சொல்ல எவராலும் இயலாது. புகையிரதம் வந்து அந்த நடையை ஓரளவு முடித்துவைத்தது. 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 கண்களைக் கொண்ட அப்பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் போவதற்காக இரண்டு கைகளைப்போல மேலே விரியும். பாலத்தைத் தாண்டியதும் பாம்பன் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆறு மைல் சென்று இராமேஸ்வரத்தை அடைந்தது. மற்றது மணல்திட்டின் மேலாகப் பதினைந்து மைல் ஓடித் தனுஷ்கோடி இறங்குதுறையில் முடிந்தது. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். ஒரு சிறு கடற்பயணம். அப்பால் தலைமன்னார் இறங்குதுறை. அங்கே இலங்கைப் புகையிரதம் தயாராக நிற்கும். சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே பயணச்சீட்டு கொழும்புக் கோட்டை வரை செல்லும். ‘போட் மெயில்’ என்று அதற்குப் பெயர்.

பணக்காரர் அதில் மெத்தையில் வந்தார்கள். கங்காணிமார் திரட்டிய தொழிலாளர் குடும்பங்களோ மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் இல்லை என்று உறுதி செய்யப்பட்ட பின்னரே கடல் கடந்தார்கள். எந்த வகுப்பில் வந்தாலும் அந்தப் பதினைந்து மைல் மணல் வழி எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. ஒரு புறம் பாக்கு நீரிணை, மறு புறம் மன்னார் வளைகுடா. இன்று ஊவாவில் வாழும் பல குடும்பங்களின் பாட்டனோ பூட்டியோ இந்தியாவில் கடைசியாகக் கண்ட நிலம் அதுதான்.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு, பெரும் புயல் அக்கரையைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் அலை அடித்துக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊர் அழிந்தது. புகையிரத நிலையமும், தேவாலயமும், தபாற் கந்தோரும் இடிந்த சுவர்களாயின. பாம்பன் பாலத்தைச் சில வாரங்களிலேயே பழுதுபார்த்து முடித்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் மறுபடி போடவேயில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்துவிட்டது.

சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26இல், நமது தென்கரையில் பெரலியவில் ஆழிப்பேரலை இன்னொரு வண்டியைக் கவிழ்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கடலோரப் பாதை எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரண்டு டிசம்பர்களும் நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றன.

ஒப்பாரிக் கோச்சி

தனுஷ்கோடி அழிவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்னர், 1964 அக்டோபர் 30இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். கணக்கு முடிந்தது. கணக்கில் அகப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

போகவேண்டியவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வண்டி ஏறினார்கள். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அம்மிக்கல் ஆகியவற்றோடு ஏறினார்கள். அக்காள் போவாள், தங்கை நிற்பாள். பெற்றவர் போவார், பிள்ளை நிற்பான். மேடையில் எழுந்த அழுகுரல் இயந்திரத்தின் கூவலையும் மீறியதால், அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மக்கள் பெயரிட்டார்கள். அது பொல்கஹவலையில் திரும்பி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடையும். அங்கிருந்து கப்பல். ஆனால் முன்னோர் கப்பல் ஏறிய தனுஷ்கோடி அப்போது இல்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. வந்த வாசலைப் புயல் மூடிவிட்டது. திரும்பிப் போனவர்கள் வேறு வாசலால் போனார்கள். 1980களில் போர்ச் சூழலில் அக்கப்பலும் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதையும் மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 2015 மார்ச் மாதத்தில், அப்பாதை தலைமன்னார் இறங்குதுறை வரை புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் மட்டும் துருவேறிக் கடலுக்குள் நிற்கின்றன.

இத்தகைய பாதை உலகில் வேறெங்கும் உண்டா என்று தேடினால், அயர்லாந்தின் மேற்குக் கரை நினைவுக்கு வருகிறது. வெஸ்ட்போட் நகரிலிருந்து கிளூ குடாவின் ஓரமாக அக்கில் தீவை நோக்கி ஓர் இருப்புப்பாதை சென்றது. வறுமையால் அத்தீவின் இளைஞரும் யுவதிகளும் ஆண்டுதோறும் ஸ்கொட்லாந்துக்கு அறுவடைக் கூலிகளாகப் போவார்கள். 1894 ஜூன் மாதத்தில் அவ்வாறு போன ஒரு படகு குடாவில் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. ஆயினும் அந்தப் பிரேதங்களை ஏற்றிச் செல்வதற்காகவே அதில் ஒரு வண்டி ஓடிற்று. 1937 செப்டெம்பரில், ஸ்கொட்லாந்தில் உருளைக்கிழங்கு கிண்டப் போன பத்து இளைஞர்கள், பூட்டிய கொட்டிலில் தீப்பட்டு இறந்தார்கள். அவர்கள் உடல்களும் அதே பாதையால் வந்து சேர்ந்தன. அடுத்த சில நாட்களில் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. அதுவும் ஓர் ஒப்பாரிக் கோச்சிதான்.

அந்தப் பாதை இன்று பசும்பாதையாகிவிட்டது. 2010இல் தொடங்கி 2011இல் முடிந்த அவ்வேலையின் பயனாக, 42 கிலோமீற்றர் தூரத்துக்கு நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் வழி பிறந்தது. தண்டவாளம் போனபின் நிலம் விவசாயிகளின் கைக்குப் போயிருந்தது. அரசு அதைப் பறிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட காணிக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி, நிலத்தின் உரிமை அவர்களுடையதாகவே இருக்க, வழிவிடும் சம்மதத்தை மட்டும் பெற்றது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குத் தேவைப்படும்.

கடலோரத்தில் பசுமை

தனுஷ்கோடிக்கு இன்னும் நெருங்கிய உடன்பிறப்பு புளோரிடாவில் உண்டு. தீவு தீவாகப் பாலம் போட்டு 1912இல் கீ வெஸ்ட் வரை ஓர் இருப்புப்பாதை கொண்டு செல்லப்பட்டது. அங்கிருந்து கியூபாவுக்குக் கப்பல். 1935 செப்டெம்பர் 2இல் வீசிய சூறாவளி அப்பாதையை அழித்தது. மக்களை மீட்கப் போன வண்டியே தடம்புரண்டது. புகையிரதம் மறுபடி ஓடவில்லை. 1938இல் அதன் பாலங்கள்மீது நெடுஞ்சாலை வந்தது. பிற்காலத்தில் புதிய பாலங்கள் எழுந்தபோது, பழைய புகையிரதப் பாலங்கள் பலவற்றை நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் விட்டுவைத்தார்கள்.

தனுஷ்கோடியிலும் ஏறத்தாழ இதுவே நடந்து வருகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்வீதி திறக்கப்பட்டது. 2019இல் புதிய இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுற்றாடலுக்குத் தீங்கு நேரும் என்ற காரணத்தால் தமிழ்நாட்டரசு அதற்கு இசையாததால், வேலை முன்னே செல்லவில்லை. 2025 ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டெயர் பரப்பு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போட் மெயில் ஓடிய கரை இன்று பூநாரைகளின் கரை. இக்கரையிலும் அவ்வாறே. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இரு கரையும் அவற்றுக்கு ஒரே மேய்ச்சல் நிலம்.

கடற்கரையில் கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதை இயற்கைக்கு எவ்வாறு உதவும்? முதலாவது, அது ஏற்கனவே உயர்த்தப்பட்ட நிலம். நடப்பவர்களை அதன்மேல் நடக்கவைத்தால் மணற்குன்றும் சேற்றுநிலமும் மிதிபடாமல் தப்பும். இரண்டாவது, அது நீண்ட நிலம். அதன் இரு மருங்கும் செடிகொடிகள் தொடர்ந்து வளர்ந்தால், ஓணானும் வண்ணத்துப்பூச்சியும் சிறு பறவைகளும் ஒரு புதரிலிருந்து மறு புதருக்குப் போக வழி கிடைக்கும். மூன்றாவது, அது மணலைப் பிடித்து நிறுத்தும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று நம் மக்கள் சொல்வது ஒற்றுமைக்காக மட்டும் பிறந்த பழமொழி அன்று. கடற்கரையில் வாழ்ந்தவன் கண்ணால் கண்டதைச் சொன்ன மொழியாகும். அடம்பன் கொடி படர்ந்து மணலைக் கட்டும்; இராவணன் மீசை என்னும் முட்புல் வேரூன்றி மணற்குன்றை வளர்க்கும்; தாழையும் பனையும் காற்றின் வேகத்தைத் தணிக்கும். இவை புயலை நிறுத்திவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். 1964இன் அலையை எந்தத் தாழையும் தடுத்திராது. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் சிற்றரிப்பை அவை குறைக்கும்.

எச்சரிக்கைகளும் உண்டு. மணற்கரையில் காடு வளர்க்கிறோம் என்று சவுக்கையும் சீமைக் கருவேலத்தையும் நட்டுவிடக்கூடாது. சீமைக் கருவேலம் இராமநாதபுரச் சீமையை எப்படி விழுங்கியது என்பது ஊரறிந்த கதை. மண்மேட்டின் கீழே நீரோடும் மதகுகளை அடைக்கக்கூடாது. அடைத்தால் அப்புறத்து உவர்ச்சேறு காய்ந்து அதை நம்பிய உயிர்களும் போகும். பழைய சிலிப்பர் கட்டைகளில் பூசிய கீல் எண்ணெய் நஞ்சாகும்; மண்ணைச் சோதித்த பின்னரே அதில் எதையும் விளைவிக்கவேண்டும். பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் சில பகுதிகளை மனிதருக்கு மூடிவைக்கவும் வேண்டும். பூநாரையைப் பார்க்கப் போன கூட்டம் பூநாரையைத் துரத்திவிட்டால் அந்தப் பாதை யாருக்கு?

மதகைப் பற்றிச் சொன்னது மலைக்கும் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை நமது பதுளை மாவட்டத்தில் செய்த அழிவை நான் விபரிக்க வேண்டியதில்லை. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமுற்றது. ஓடுகிற பாதையின் கானையும் மதகையும் துப்புரவாக்க ஆட்கள் இருக்கிறார்கள். இறந்த பாதையின் மதகுக்கு யாரும் இல்லை. இராகலைப் பாதைபோன்ற பழைய தடங்களில் மண்ணால் அடைபட்ட ஒரு மதகு, கீழே உள்ள லயத்துக்கு ஆபத்தாகலாம். பசும்பாதையாக ஒருவர் பொறுப்பேற்றால் அந்த மதகுக்கும் ஒரு காவலாள் கிடைக்கிறார். அழகுக்காக மட்டும் நான் இதைப் பேசவில்லை என்பதை இதிலிருந்து உணர்வீர்கள்.

யாருடைய பாதை?

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருகிறோம். இப்படி ஒரு பாதை அமைந்தால் அதனால் யாருக்கு இலாபம்?

நமது மலைநாட்டில் 2023இல் ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நடைவழி தொடங்கப்பட்டது. கண்டி அருகே ஹந்தானையில் புறப்பட்டு, அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களைத் தொட்டு நுவரெலியாவில் முடியும் அது, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றர் நீளமானது. பெரும்பாலும் தோட்டங்களின் பழைய வழிகளே அதன் வழிகள். அந்த வழிகளை வெட்டியவர்கள் நம்மவர். அவற்றில் கொழுந்துக் கூடையோடு நடப்பவர்களும் நம்மவர். வெளிநாட்டார் வந்து நடப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் நடப்பவர் படம் எடுக்கும் பொருளாக மட்டும் லயத்து மனிதர் இருந்துவிடக்கூடாது. வழிகாட்டியாகவும், தேநீர்க் கடைக்காரராகவும், தங்கும் அறையின் சொந்தக்காரராகவும் அவர் இருக்கவேண்டும். அதற்குக் காணி வேண்டும். ஏழு பேர்ச் காணிக்கே உறுதி கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கும் நாட்டில், பசுமையின் பெயரால் ஒரு குடிசையேனும் பிடுங்கப்படுமானால், அது நமக்கு வேண்டாத பசுமை. தனுஷ்கோடியிலும் இதுவே பொருந்தும். அரசு வாழத் தகாத இடம் என்ற பின்னரும் அக்கரையில் கொட்டில் போட்டு மீன் பிடித்தவர்கள் அம்மக்கள். பாதையின் முதற் காவலர்களும் அவர்களாகவே இருக்கவேண்டும். அயர்லாந்து காணிக்காரரிடம் சம்மதம் கேட்டது என்றேனே, அந்த முறை இங்கும் வரவேண்டும்.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், முன்னோர் நடந்த திசையில் மாத்தளையை நோக்கி நடந்தார்கள். ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையின் ஓரமாகவே அவர்கள் பெரும்பாலும் நடக்க நேர்ந்தது. முன்னோருக்கென்று ஒரு வழி இந்நாட்டில் அடையாளமிடப்படவில்லை. பாதை நமக்கு மறந்துபோகவில்லை; பாதைதான் நமக்கு விட்டுவைக்கப்படவில்லை.

ஆகவே என் யோசனை பெரிதன்று. பழைய தலைமன்னார் இறங்குதுறையில் தொடங்கி, ஓடும் புகையிரதப் பாதைக்கு இடையூறின்றி அதன் அருகாக, மன்னார்த் தீவின் நீளத்துக்கேனும் ஒரு பசும்பாதை அமையலாம். தனுஷ்கோடிப் பழைய தடத்தை, பூநாரைகளின் வசதியை முன்வைத்து, அக்கரையார் காத்துக்கொள்ளலாம். மலையில், இராகலைப் பாதையின் துண்டுகளில் இன்னும் பொதுநிலமாக இருப்பவற்றை மேலும் உடையவிடாமல் அளந்து அடையாளமிடலாம். மூன்றும் மூன்று இடங்கள். சொல்லும் கதை ஒன்று. வந்த கரை, இறங்கிய கரை, உழைத்த மலை.

அளப்பதற்கு நில அளவையாளர் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கந்தப்பளையிலும் இராகலையிலும் புறூக்சைட்டிலும் உள்ள பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை மாணவர்களோடு புறப்பட்டால், எந்த மேடு பழைய பாதை, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எங்கே இன்னும் கருங்கற் சுவர் நிற்கிறது என்பதை ஒரு கொப்பியில் வரைந்துவிடலாம். ஊவாவில் உள்ள நாம் வேறொன்று செய்யலாம். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பி நின்றவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. யார் எந்த நிலையத்தில் ஏறினார்கள், எந்த ஆண்டு, என்ன கொண்டு போனார்கள், யாரை விட்டுப் போனார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். நாளை அந்தப் பாதையில் ஒரு கல் நாட்ட நேர்ந்தால் அதில் எழுதுவதற்குச் சொற்கள் வேண்டுமே. அவற்றைத் தரக்கூடியவர்கள் இன்னும் நம் லயங்களின் இஸ்தோப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் கேளுங்கள்.